சிங்கப்பூர வையி

எங்கள் வீட்டில் வானொலி நிலையங்களுக்குப் பெயர் கிடையாது, ஊர்தான். ஜொகூரில் மாசாய்ப் பக்கத்துத் தோட்டத்து லயத்தில் வளர்ந்த என் அத்தை, பால்மரம் வெட்டி வந்து கைகால் கழுவியதும் சொல்லும் முதல் வார்த்தை, “சிங்கப்பூர வையி.” ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு மாமாவின் முறை: “கோலாலம்பூர் வருதா பாரு.” இந்த இரண்டு வினைச்சொற்களும் சும்மா வந்து விழுந்தவை அல்ல. சிங்கப்பூர் வைத்த இடத்தில் நிற்கும். கோலாலம்பூர் வந்தால் உண்டு. வந்தாலும் அலை ஏறி இறங்கும். நடுவே எங்கிருந்தோ ஓர் இந்தோனேசியப் பாட்டு குறுக்கே நடந்து போகும்.

காரணம் எளியது. ஜொகூர் பாருவிலிருந்து சிங்கப்பூரின் கால்டிகாட் குன்று பதினைந்து, இருபது கிலோமீட்டர். கோலாலம்பூரோ ஏறத்தாழ முந்நூறு கிலோமீட்டர். மத்திய அலை பகலில் தரையோடு தரையாகப் போய்ச் சோர்ந்துவிடும். இருட்டிய பிறகுதான் வானத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பி நெடுந்தூரம் எட்டும். அந்த மேலடுக்கு நிலையாக நிற்பதில்லை, அதனால் குரலும் நிலையாக நிற்பதில்லை. அத்தையின் பகல் சிங்கப்பூராகவும் மாமாவின் இரவு கோலாலம்பூராகவும் பிரிந்ததற்கு அரசியல் காரணம் எதுவுமில்லை.

ஆனால் அதன் விளைவு அரசியல்தான். மலேசியத் தமிழ் ஒலிபரப்பின் வரலாற்றைக் கோலாலம்பூரிலிருந்து எழுதுகிறார்கள். சிங்கப்பூர்த் தமிழ் ஒலிபரப்பின் வரலாறு, ஜொகூரையும் சிங்கப்பூரையும் இணைக்கும் கடற்பாலத்தின் அந்தக் கரையோடு நின்றுவிடுகிறது. ஒரு நாட்டில் வாழ்ந்து, அடுத்த நாட்டின் குரலைக் கேட்டு, அந்தக் குரல்களில் சிலவற்றைத் தன் வீட்டிலிருந்தே அனுப்பியும் வைத்த ஜொகூர் இந்த இரண்டு வரலாறுகளிலும் இல்லை. கலைஞர்கள் தங்கள் ஆரம்பகால வானொலி, தொலைக்காட்சி நாட்களை நினைவுகூரும் பேட்டிகளையும் கட்டுரைகளையும் சில ஆண்டுகளாகத் தேடித் தேடிப் படித்ததில் எனக்குப் பட்டது இது. நினைவுகூர்பவர்கள் பொய் சொல்வதில்லை, ஆனால் யாருடைய ஊரில் உட்கார்ந்து பேசுகிறார்களோ அந்த ஊருக்கு ஏற்ற நினைவு மட்டும் முதலில் வருகிறது.

அந்த நினைவுகளுக்கு ஒரு வார்ப்பும் உண்டு. குரல் தேர்வுக்குப் போனேன், கை நடுங்கியது, சிவப்பு விளக்கு எரிந்தது, தொண்டை அடைத்தது, பெரியவர் ஒருவர் தட்டிக்கொடுத்தார், அன்று தொடங்கியது. சென்னையானாலும் கொழும்பானாலும் கோலாலம்பூரானாலும் பெயரை மாற்றினால் ஒருவர் கதை மற்றவருக்குப் பொருந்தும். எந்தப் பஸ்ஸில் போனீர்கள், கடைசிப் பஸ்ஸைத் தவறவிட்டால் எங்கே படுத்தீர்கள், ஒரு நாடகத்துக்கு எத்தனை வெள்ளி கொடுத்தார்கள், வீட்டில் யாரிடம் சொல்லாமல் போனீர்கள் என்று கேட்டால்தான் வார்ப்பு உடையும். பேட்டி எடுப்பவர்கள் அதைக் கேட்பதில்லை.

இன்னொரு வேடிக்கை, இந்த வட்டாரத்தில் வானொலி தொடங்கிய இடமே ஜொகூர்தான். 1921இல் ஜொகூர் அரசின் மின்துறையில் தலைமை ஆய்வாளராக இருந்த ஏ. எல். பர்ச் என்பவர் மலாயாவுக்கு முதல் வானொலிக் கருவியைக் கொண்டுவந்தார். (பேராக்கில் 1875இல் குத்திக் கொல்லப்பட்ட பர்ச் வேறு. நம் பாடப்புத்தகம் படித்தவர்களுக்கு அந்தப் பெயர் கேட்டதும் அவர்தான் நினைவுக்கு வருவார்.) ஜொகூர் வானொலிச் சங்கம் என்று ஒன்றைத் தொடங்கி 300 மீட்டர் அலையில் ஒலிபரப்பினார்கள். அதை இன்றைய கணக்கில் சொன்னால் 1,000 கிலோஹெர்ட்ஸ், மத்திய அலையின் நட்டநடு. தோட்டத்தில் மண்ணெண்ணெய் விளக்கோடு இருந்த நம்மவர்களுக்கு அது எட்டியிருக்க வாய்ப்பில்லை. சில ஐரோப்பியர்கள் ஒருவரோடொருவர் பேசி மகிழ்ந்த பொழுதுபோக்கு அது. இருந்தாலும் முதல் அலை இந்தக் கரையிலிருந்துதான் எழுந்தது.

பிறகு பணமும் ஆட்களும் சிங்கப்பூருக்குப் போயின. பிரிட்டிஷ் மலாயா ஒலிபரப்புக் கழகம் 1937இல் கால்டிகாட் குன்றிலிருந்து ஒலிபரப்பைத் தொடங்கியது. 1940இல் அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டது. அடுத்து ஜப்பானியர் வந்தார்கள். வெளிநாட்டு நிலையங்களைக் கேட்பது தண்டனைக்குரிய குற்றமாயிற்று. 1943இல் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்த பிறகு ஆசாத் ஹிந்த் வானொலியில் இந்திய மொழிகள் பல ஒலித்தன, தமிழும் அவற்றில் ஒன்று. தோட்டத்துத் தமிழர் பலருக்கு வானொலி என்பது பாட்டுப் பெட்டியாக அறிமுகமாகவில்லை, படைக்கு அழைக்கும் குரலாகத்தான் அறிமுகமானது. போர் முடிந்து, 1946 ஏப்ரல் 1ஆம் தேதி ரேடியோ மலாயா சிங்கப்பூரில் பிறந்தது. மலாயா முழுவதற்குமான தமிழ் ஒலிபரப்பின் மையம் அப்போது சிங்கப்பூர்தான். 1959 ஜனவரியில்தான் ரேடியோ மலாயா கோலாலம்பூருக்குப் போனது. குன்றில் மீந்து நின்றது ரேடியோ சிங்கப்பூராவாயிற்று. ஆக, அத்தை “சிங்கப்பூர வையி” என்றது வெளிநாட்டு மோகத்தால் அல்ல. நிலையம்தான் பெயர் மாறியது, அத்தை முள்ளை நகர்த்தவில்லை.

அந்த நாட்களில் குன்றில் தமிழ் நாடகத்துக்கு உருக்கொடுத்தவர்களில் முதலில் சொல்லவேண்டியவர் ந. பழநிவேலு. தமிழ்நாட்டின் சிக்கலில் 1908இல் பிறந்து, 1930இல் சிங்கப்பூருக்கு வந்து, போக்குவரத்துக் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு கவிதையும் மேடை நாடகமும் எழுதியவர். 1949இல் வானொலியில் சேர்ந்து 1968வரை இருந்தார். மேடையில் ஊறியவர் வானொலிக்கு வந்தால் ஒரு சிக்கல் உண்டு. மேடையில் ராஜா உள்ளே வந்தால் உடையே சொல்லிவிடும். வானொலியில் ராஜா வந்ததையும் வசனத்தில் சொல்லவேண்டும், ஆனால் சொல்வதுபோலத் தெரியக் கூடாது. இந்த வித்தையைப் பழகுவதற்குள் ஒரு தலைமுறை கடந்துவிட்டது. பழைய வானொலி நாடகப் பிரதிகளில் “இதோ, என் நண்பர் ராமனே வந்துவிட்டாரே!” என்ற ரக வசனங்கள் நிறைய வருவது அதனால்தான்.

அடுத்த தலைமுறையில் என் கவனம் போவது ஒரே ஆள்மீது. பி. கிருஷ்ணன், புனைபெயர் புதுமைதாசன். புதுமைப்பித்தன்மேல் வைத்த பற்றில் சூட்டிக்கொண்ட பெயர். 1932இல் பிறந்தார், பிறந்தது ஜொகூரில். 1962இல் ரேடியோ சிங்கப்பூராவில் சேர்ந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அங்கேயே இருந்தார். கதையும் நாடகமுமாக முந்நூற்றுக்கும் மேல் எழுதினார், ஷேக்ஸ்பியரின் மெக்பெத்தைத் தமிழாக்கினார், 2008இல் சிங்கப்பூரின் கலாசாரப் பதக்கம் பெற்றார். 1960களின் இறுதியில் அவர் எழுதிய ‘அடுக்குவீட்டு அண்ணாசாமி’ தொடர் நாடகம் சிங்கப்பூர்த் தமிழ் வானொலியின் பெருவெற்றிகளில் ஒன்று.

அந்தத் தொடருக்குப் பின்னால் இருந்தது ஒரு பெரிய குடிபெயர்வு. 1960இல் அமைந்த வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கம்பத்து வீடுகளில் இருந்தவர்களை அடுக்குமாடிகளுக்கு ஏற்றிக்கொண்டிருந்தது. மாடியில் கோழி வளர்க்க முடியாது, உரல் இடித்தால் கீழ்வீட்டுக்காரர் வருவார், மின்தூக்கியில் பலதரப்பட்டவர்களோடு நெருங்கி நிற்கவேண்டும். புது வாழ்க்கையின் இந்தச் சங்கடங்களை நகைச்சுவையாக்கி வீட்டுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது அண்ணாசாமி. இதைச் சிங்கப்பூரர்கள் தங்கள் கதையாகக் கேட்டார்கள். சரிதான். ஆனால் அதே நேரத்தில் கடற்பாலத்துக்கு இந்தப் பக்கம், தண்ணீர்க் குழாய் லயத்துக்கு ஒன்று என்று இருந்த தோட்டங்களில், மாடி வீட்டில் வாழும் தமிழர்களின் கதையை எங்கள் ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்துக் கேட்டார்கள். அத்தைக்கு மின்தூக்கி என்றால் என்ன என்று அந்த நாடகம் சொல்லித்தான் தெரியும். அவள் அதில் முதன்முதல் ஏறியது பதினைந்து வருடம் கழித்து, ஜொகூர் பாருவின் ஒரு கடைத்தொகுதியில். ஏறியதும் “அண்ணாசாமி வூட்டு மாதிரி” என்று சொல்லிச் சிரித்தாள்.

ஜொகூரில் பிறந்த ஒருவர் சிங்கப்பூர் வாழ்க்கையை எழுதி, அதை ஜொகூருக்கே ஒலிபரப்பிய இந்தச் சுற்று எந்த ஆய்விலும் என் கண்ணில் படவில்லை. அண்ணாசாமியின் கூர்மைக்கு அந்தக் கரை மாற்றமே ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு வாழ்க்கை முறைக்குள்ளேயே பிறந்தவனுக்கு அதன் வேடிக்கை தெரியாது. வந்து சேர்ந்தவன் கண்ணுக்குத்தான் மாடிப்படி மாடிப்படியாகத் தெரியும். இது என் ஊகம், கிருஷ்ணன் அப்படிச் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அவர் வேலை பார்த்த கட்டடத்தின் பெயர்ப்பலகை மாறிய கதையையும் சொல்லவேண்டும். சேர்ந்தபோது ரேடியோ சிங்கப்பூரா. 1963 செப்டம்பரில் மலேசியா உருவானதும் ரேடியோ மலேசியாவின் சிங்கப்பூர்க் கிளை. 1965 ஆகஸ்ட் 9 காலை பத்து மணிக்குப் பிரிவினை அறிவிப்பை வாசித்ததும் அதே வானொலிதான். அதன் பிறகு ரேடியோ தொலைக்காட்சி சிங்கப்பூர், 1980இல் சிங்கப்பூர் ஒலிபரப்புக் கழகம். ஒருவர் நாற்காலியை விட்டு எழாமலே நாடு மாறியது. 1967இல் கடற்பாலத்தில் கடப்பிதழ்ச் சோதனை வந்தது. அதுவரை சிங்கப்பூரில் ஜொகூர் பஸ் ஏறினால் நேரே வீடு. அதற்குப் பிறகு நாடகத்தில் சிறு வேடத்துக்கு வரும் ஒருவருக்குக்கூட முத்திரை வேண்டும், நேரம் வேண்டும், சில வேளை அனுமதியும் வேண்டும். ஜொகூரில் நடிக்க ஆசைப்பட்ட எத்தனை பேரின் வானொலி வாழ்க்கை அந்த வரிசையில் நின்றே முடிந்தது என்பதற்குக் கணக்கு இல்லை.

ஆனால் காற்றில் சோதனைச்சாவடி வைக்க முடியவில்லை. கடிகாரத்தைக்கூடப் பிரிக்க முடியவில்லை. மேற்கு மலேசியா 1982 ஜனவரி 1ஆம் தேதி அரை மணி நேரம் முன்னே போனபோது சிங்கப்பூரும் அன்றே கூடப் போனது. மணியோசை கேட்டுச் சுவர்க்கடிகாரத்தைத் திருத்தும் ஜொகூர்க்காரன் எந்த நாட்டு மணிக்குத் திருத்தினாலும் ஒன்றுதான்.

இனி ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் போவோம். நினைவுகளில் அதிகம் சொல்லப்படாத, ஆனால் கைவேலை முழுவதும் இருந்த இடம் அது. ஒரு மைக், அதைச் சுற்றி ஐந்தாறு பேர். ரோனியோ மசி மணக்கும் பிரதித் தாள்கள். அவற்றை ஊசி குத்திச் சேர்க்கக் கூடாது, தனித்தனித் தாளாக வைத்துக்கொள்ள வேண்டும். வாசித்து முடித்த தாளைப் பின்னால் சொருகினால் சலசலப்பு மைக்கில் ஏறிவிடும். பக்கவாட்டில் நீட்டிக் கம்பளத்தின்மேல் மெல்ல நழுவவிட வேண்டும். ஒரு காட்சி முடியும்போது காலடியெல்லாம் காகிதம். தூரத்திலிருந்து வருவது என்றால் உண்மையிலேயே நாலடி பின்னால் போய்ப் பேசிக்கொண்டே முன்னால் நடக்கவேண்டும், அதுவும் காகிதத்தை மிதிக்காமல். ரகசியம் பேசுவது என்றால் உதடு மைக்கை ஒட்டவேண்டும், மூச்சு மட்டும் படக்கூடாது. மூலையில் ஒருவர் தட்டில் அரிசியைச் சரித்து மழை பெய்விப்பார். கண்ணாடிக் காகிதத்தைக் கசக்கினால் நெருப்பு, பாதி தேங்காய்ச் சிரட்டைகளை மேசையில் தட்டினால் குதிரை. உலகம் முழுக்க வானொலிக்காரர்கள் தேங்காய்ச் சிரட்டையைத்தான் குதிரையாக்கினார்கள். நம் நாட்டில் அது மலிவாகக் கிடைத்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த மைக்கின் முன் மேடைக்கு வராத பெண்கள் வந்தார்கள் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் நம் குடும்பங்களில் பெண் கூத்தாடினால் கல்யாணம் நின்றுபோகும். வானொலியில் முகம் தெரியாது. தெரிந்தாலும் “ரேடியோவில் பேசுகிறாள்” என்று சொன்னால் அதில் ஒரு படிப்பின் மதிப்பு இருந்தது. அதே தாய்மார்கள், அதே அப்பன்மார்கள், மேடை என்றால் முறைத்தவர்கள், வானொலி என்றால் பக்கத்து வீட்டையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். லாபிஸில் பிறந்த கமலாதேவி அரவிந்தன் போன்ற ஒருவரால் மலையாளக் குடும்பத்திலிருந்து வந்து, தமிழிலும் எழுதி, வானொலிக்கும் மேடைக்கும் நாடகங்கள் செய்து, பிறகு சிங்கப்பூரிலும் அதைத் தொடர முடிந்தது என்றால், அந்தக் கதவை முதலில் தள்ளித் திறந்தது பெயர் தெரியாத பல வானொலிப் பெண் குரல்கள்தாம்.

பெயர் ஏன் தெரியாமல் போயிற்று? ஒரு சின்னக் கணக்குப் போட்டால் விளங்கும். ஏழு அங்குலச் சுருளில் 1,200 அடி டேப். நொடிக்கு ஏழரை அங்குலம் ஓடினால் முப்பத்திரண்டு நிமிடம் வரும். ஆக, அரை மணி நாடகத்துக்கு ஒரு முழுச் சுருள். வாரத்துக்கு இரண்டு நாடகம் என்று வைத்தால்கூட ஆண்டுக்கு நூற்று நான்கு சுருள், ஒரு மொழிக்கு, நாடகத்துக்கு மட்டும். நான்கு மொழியில் ஒலிபரப்பும் நிலையம் இதையெல்லாம் வாங்கி அடுக்கி வைக்கவா செய்யும்? ஒலிபரப்பியதும் அழித்து, அதன்மேலேயே அடுத்த வாரத்தைப் பதிந்தார்கள். இதில் ஏழை நிலையம், பணக்கார நிலையம் என்ற பேதமில்லை. லண்டன் பிபிசியே தன் புகழ்பெற்ற ‘டாக்டர் ஹூ’ தொடரின் 1960களின் பகுதிகளில் பலவற்றை இப்படி இழந்துவிட்டு, பிறகு உலகெங்கும் தேடி அலைந்தது.

எனவே எழுதியவர்கள் தங்கினார்கள், பேசியவர்கள் போனார்கள். கிருஷ்ணனின் நாடகங்களைப் பற்றி இன்று பேச முடிகிறது, ஏனென்றால் அவர் எழுத்தாளர், பிரதிகள் காகிதத்தில் இருந்தன, சில புத்தகமாயின. அந்த வசனங்களுக்கு உயிர்கொடுத்தவர்களின் குரல், இழுவை, நிறுத்தம் எல்லாம் அடுத்த வாரத்து நாடகத்தின் அடியில் கிடக்கின்றன. நடிகர்களின் நினைவுக்கு இருக்கும் மதிப்பு இங்கேதான். மற்றத் துறைகளில் நினைவு ஆவணத்துக்குத் துணை. பழைய வானொலியில் பல வேளை நினைவே ஆவணம். சிங்கப்பூரில் 1979இல் வாய்மொழி வரலாற்று நிலையம் தொடங்கப்பட்டது, அதன் ஒலிநாடாக்களில் முன்னோடிக் கலைஞர்களும் பேசியிருக்கிறார்கள். நம் பக்கம் அந்த வேலையைப் பெரும்பாலும் இரங்கல் கட்டுரைகள்தான் செய்கின்றன. ஆள் போனபிறகு எழுதப்படும் நினைவில் ஆளின் குரல் எப்படி இருக்கும்?

கோலாலம்பூர்ப் பக்கத்தில் இதற்கு ஒரு நல்ல விதிவிலக்கு ரெ. கார்த்திகேசு. கெடாவின் பீடோங்கில் பிறந்தவர். அறுபதுகளின் தொடக்கத்தில் மலேசிய வானொலியில் சேர்ந்து, பிறகு பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்தில் ஒலிபரப்புத் துறை ஆசிரியராகிப் பேராசிரியராக உயர்ந்தவர். மலேசியத் தொலைக்காட்சியின் வளர்ச்சியை ஆராய்ந்து இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். ‘வானத்து வேலிகள்’, ‘அந்திம காலம்’ போன்ற நாவல்களை எழுதினார். 2016இல் மறைந்தார். மைக்குக்கு முன்னால் இருந்தவரே பின்னால் ஆய்வாளராக மாறியது நமக்குக் கிடைத்த யோகம். தான் இருந்த நிறுவனத்தைப் பாசத்தோடும் அளவுகோலோடும் பார்க்கத் தெரிந்தவர்கள் குறைவு. ஆனால் அவருடைய வரைபடமும் வடக்கும் தலைநகரமுமாகத்தான் விரிகிறது. தெற்கு முனைக்காரனுக்கு அதில் ஓர் ஏக்கம் மிச்சமிருக்கும்.

இதே ஏக்கத்தின் மறுபக்கத்தைத் தமிழ்நாடு அறியும். 1952இல் இந்திய ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு மட்டமானது என்று ஆல் இந்தியா ரேடியோவில் அதைச் சுருக்கினார். உடனே தமிழ்நாட்டு முள்ளெல்லாம் இலங்கை வானொலிக்கு நகர்ந்தது. 1957இல் விவித பாரதி வந்த பிறகும் பழக்கம் போகவில்லை. கே. எஸ். ராஜாவும் பி. எச். அப்துல் ஹமீதும் தமிழ்நாட்டு வீடுகளில் உறவினரைப்போல ஆனார்கள். அங்கே பாக் நீரிணை, இங்கே தெப்ராவ் நீரிணை. ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அப்துல் ஹமீது தன் வானொலி வாழ்க்கையை ‘வானலைகளில் ஒரு வழிப்போக்கன்’ என்று புத்தகமாக்கியபோது, அக்கரை நேயர்கள் அதை ஓடி வாங்கினார்கள். இலங்கையின் குரலுக்குத் தமிழ்நாடு தன் நினைவில் இடம் வைத்திருந்தது. சிங்கப்பூரின் குரலுக்கு ஜொகூர் வைத்திருந்த இடத்தைப் பற்றிச் சிங்கப்பூரும் கேட்கவில்லை, ஜொகூரும் சொல்லவில்லை.

தொலைக்காட்சியைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஆசையில்லை. நம் குரல்கள் அங்கே இன்னும் குறுகிய இடத்தில் இருந்தன. இரண்டு நாட்டிலும் அது 1963இல் வந்தது. சிங்கப்பூரில் ஆண்டின் தொடக்கத்தில், மலேசியாவில் டிசம்பர் 28ஆம் தேதி. சிங்கப்பூரில் அந்த நவம்பரில் திறந்த எட்டாவது ஒளிவழியில் சீன நிகழ்ச்சிகளுக்கு நடுவே தமிழுக்கு ஓர் ஓரம் கிடைத்தது. தொண்ணூறுகளின் நடுப்பகுதிவரை அந்த ஓரம்தான். ஜொகூர் பாருவில் அந்தக் காலத்துக் கூரைகளைப் பார்த்தாலே யார் எதைப் பார்க்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். மீன்முள் ஆன்டெனாவின் மூக்கு தெற்கே திரும்பியிருந்தால் சிங்கப்பூரின் புக்கிட் பாத்தோக், வடமேற்கே திரும்பியிருந்தால் கூலாய்ப் பக்கத்துக் குனோங் பூலாய் மலையின் மலேசியக் கோபுரம். வசதியான வீட்டில் ஒரே கம்பத்தில் இரண்டு மூக்கு. சிங்கப்பூரில் 1974இல் வண்ணம் வந்தது, மலேசியாவில் 1978 டிசம்பரில். இடைப்பட்ட நான்கு வருடமும் தெற்கே திரும்பிய மூக்குக்கு மவுசு அதிகம். பக்கத்து நாட்டைப் பார்க்கும் பெட்டிக்கும் ஆண்டுக்கு 24 வெள்ளி உரிமக் கட்டணத்தை மலேசிய அரசுக்குத்தான் கட்டினோம்.

அந்த ஓரத்தில் முகம் காட்டியவர்களில் பலர் வானொலியிலிருந்து போனவர்கள். அவர்களுக்கு அது பதவி உயர்வுபோலத் தோன்றினாலும் எல்லாருக்கும் அப்படி முடியவில்லை. வானொலியில் ஐம்பது வயதுக்காரர் இருபது வயதுக் காதலனாகலாம், கறுத்தவர் ராஜகுமாரனாகலாம், குட்டையானவர் பீமனாகலாம். காமிரா வந்ததும் அந்தச் சலுகை போயிற்று. பல நல்ல குரல்கள் தங்கள் சொந்த முகத்திடமே தோற்றன. இதைச் சொல்லும்போது மட்டும் பழைய கலைஞர்கள் யாரும் வார்ப்புக் கதை சொல்வதில்லை. சிறிது நேரம் சும்மா இருந்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள்.

பிறகு எல்லாம் வேகமாக மாறியது. 1996இல் ஆஸ்ட்ரோ செயற்கைக்கோள் தொலைக்காட்சி, வானவில் என்ற தமிழ் ஒளிவழியோடு வந்தது. சிங்கப்பூரில் ஒலி 96.8 பண்பலையில் நாள் முழுக்க ஒலித்தது, நீரிணையைத் தாண்டி இங்கேயும் தெளிவாகக் கேட்டது. 2005இல் கோலாலம்பூரின் தமிழ் அலையான ரேடியோ 6, மின்னல் ஆயிற்று. கூடவே தனியார் நிலையமான ராகா வளர்ந்தது. கோலாலம்பூரும் இப்போது வைத்த இடத்தில் நிற்கிறது. அறிவிப்பாளர் நேயரை ‘வணக்கம் நேயர்களே’ என்று எட்ட நின்று கூப்பிட்ட காலம் போய், தோளில் கைபோட்டுப் பேசும் காலம் வந்தது. பதிவுகள் அழிவதும் இல்லை. அழியாததாலேயே யாரும் திரும்பக் கேட்பதும் இல்லை. கால்டிகாட் குன்றைவிட்டு நிலையமும் 2010களில் வேறு இடத்துக்குக் குடிபோய்விட்டது.

போன தீபாவளிக்கு அத்தையைப் பார்க்கப் போயிருந்தேன். எண்பதைத் தாண்டிவிட்டாள், காது மந்தம். அவளுடைய பழைய வால்வு ரேடியோ பேசாமலிருந்து பல வருடமாகிறது, மேலே சாமிப்படம் இருக்கிறது. நேயர் விருப்பத்தில் பெயர் வாசிக்கும் அறிவிப்பாளர் ஒருவரை அவள் நன்றாகப் பேசிக் காட்டுவாள். “தெப்ராவ் தோட்டம்…” என்று தொடங்கி ஒரு மூச்சு நிறுத்தி, பெயர்களைப் படிக்கட்டில் இறங்குவதுபோல் ஒவ்வொன்றாக இறக்கி, கடைசிப் பெயரில் மட்டும் குரலைச் சற்று மேலே தூக்கி நிறுத்துவாள். அந்தக் குரல் யாருடையது என்று நான் பலமுறை கேட்டிருக்கிறேன். பெயர் வருவதில்லை.

“யாரு அத்தை அது?”

“அது… சிங்கப்பூர்க்காரரு.”

அன்றைக்கு அண்ணாசாமி பேச்சு வந்தது. அதை எழுதியவர் ஜொகூரில் பிறந்தவர் என்று காதருகே போய்ச் சொன்னேன். சரியாகக் கேட்கவில்லை, இரண்டாம் முறையும் சொன்னேன்.

“நம்மூருப் புள்ளையா?” என்றாள். பிறகு முறுக்குத் தட்டை என் பக்கம் தள்ளிக்கொண்டே, “அப்ப அந்தப் பேரு வாசிக்கிறவரும் நம்மூருதானா தம்பி?” என்று கேட்டாள்.